புதுப் புடவையைப் பழசாக்கிய மார்கழி

என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் பேரன் ஒரு போர்வை வாங்கிவந்தான். பிளாஸ்டிக் பையில் ஜிப்பு போட்டு வந்தது. போர்த்திக்கொண்டால் வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. கையால் இழுத்தால் படபடவென்று பொறி பறக்கிறது. "தாத்தா, இது குளிருக்குன்னே செஞ்சது" என்கிறான். குளிருக்கென்று செய்தது உடம்புமேல் நிற்க வேண்டாமா? அதைத் தேடி எடுத்துத் தேடி எடுத்துப் போர்த்துவதிலேயே எனக்கு வேர்த்துவிடுகிறது. அந்த வகையில் அது குளிருக்கு நல்லதுதான்.

எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, விசயத்துக்கு வாங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

விசயம் என் அம்மா தைத்த போர்வைகள். அதிலும் ஒரு மார்கழியில் தைக்க முடியாமல் எல்லார் உயிரையும் எடுத்த ஒரு போர்வை.

விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். கூரை வீடு. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பழைய நூல் புடவைகளை அடுக்காக விரித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டிப் போர்வையாக்கித் தருவாள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பழம்புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்துத் தைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டின் நீளமும் ஒரு போர்வையின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். விரித்துவிட்டால் அடுப்படிக்குச் சுவரை ஒட்டித்தான் போக வேண்டும்.

விரித்த துணி நகராமல் இருக்க மூலைக்கு ஒரு பாரம். ஒரு மூலைக்கு அம்மிக்குழவி. ஒரு மூலைக்குத் தண்ணீர்த் தவலை. ஒரு மூலைக்கு அப்பாவின் டிரங்குப் பெட்டி. மிச்சமிருக்கிற மூலைக்கு நான்.

"டேய், அசையாத. நீ அசஞ்சா அடியில கெடக்கற துணி சுருட்டிக்கும்."

"மூக்கு அரிக்குதும்மா."

"அரிச்சுட்டுப் போவட்டும். தவலைக்கு மூக்கு அரிக்குதா?"

தவலைக்கு மூக்கே இல்லை என்று அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொன்னால் என் அக்கா இன்றைக்கும் சிரிக்கிறாள். ஆனால் வேறொரு படிப்பு வந்தது. முகத்தைத் துணியில் அழுத்திப் படுத்துக் கிடப்பவனுக்கு எந்த வீட்டுப் புடவை என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். ஒன்று கற்பூரம். ஒன்று கருவாட்டுக் குழம்பு. ஒன்று வேப்பெண்ணெய். ஒரு வீட்டுப் புடவை மட்டும் எப்போதும் மாட்டுக் கொட்டகை. அந்த வீட்டுக்காரி ரொம்பச் சுத்தக்காரி என்று சந்து முழுக்கப் பேச்சு.

அம்மா ஒவ்வொரு புடவையையும் தைப்பதற்கு முன் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். உட்கார்கிற இடத்தில்தான் நூல் முதலில் நைந்து வலை மாதிரி ஆகும். அடுத்து குதிகால் உரசுகிற கரை. கடைசி வரைக்கும் தாங்குவது முந்தானைதான். நைந்ததை உள்மடிக்குப் போடுவாள், தாங்குகிறதை வெளிமடிக்கு. ஒரு புடவையைப் பார்த்தே அந்தப் பொம்பளை நின்று வேலை செய்கிறவளா, உட்கார்ந்து அதிகாரம் செய்கிறவளா என்று சொல்லிவிடுவாள்.

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் நிம்மதி போய்விடும். ஆடி ஆவணியில் யாருக்கும் குளிர் நினைவுக்கு வராது. ஏரிப் பக்கம் இருந்து பனி இறங்கி, எதிர் வீட்டுக் கூரை தெரியாமல் போன முதல் நாள் எல்லாரும் மொத்தமாக மூட்டையோடு வந்து நிற்பார்கள். திருவாமாத்தூரில் இருந்து ஒரு அம்மா வருவார்.

"பொங்கலுக்கு மருமவன் வர்றாரு. ஜல்தியா குடுத்துடு."

"மருமவன் இருக்குறாருன்னு உங்களுக்கு நேத்துதான் தெரியுமா? கல்யாணத்துக்கு நானும்தான் வந்தன், அது போன வருசம்."

அந்த அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் போர்வை பொங்கல் கழித்துத்தான் வரும் என்று தெரியும்.

இந்த அவசரத்துக்கு நடுவில்தான் சமையல். ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டே எழுந்து போய் மொச்சைக் கொட்டைக் குழம்பைக் கிளறிவிட்டு வந்து உட்காருவாள். ஒரு நாள் ஊசியைக் காணவில்லை. அடுப்பில் கேப்பைக் களி. எல்லார் கண்ணும் களிச்சட்டிமேல். அப்பா மூட்டை தூக்கிவிட்டுப் பசியோடு வந்தவர், களியை உருண்டையாக விழுங்குகிறவர், அன்றைக்குக் கிள்ளிக் கிள்ளி, விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டார்.

"இன்னாமே, சோறு தின்றனா, மீன் முள்ளு பாக்கறனா?"

"பேசாம பாத்துத் தின்னுய்யா. கெடச்சா எங்கிட்ட குடு. நல்ல ஊசி."

ஊசி அம்மாவின் கொண்டையில் இருந்தது. கடைசி வாயைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அக்கா பார்த்தாள். அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் வர வேண்டும். என்னைவிட ரொம்ப மூத்தவள். திண்டிவனத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த மார்கழியில் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக் கூடாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பழந்துணிதான். எங்கள் ஜனங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைக்குத் தைக்கிற சின்னப் போர்வையில் அடிமடியெல்லாம் தாய் வீட்டுத் துணி, மேல்மடி தகப்பன் வீட்டுத் துணி. மேல்மடிதான் பிள்ளையின் உடம்பில் படுவது. அதற்குத் தகப்பனைப் பெற்றவள் தான் கட்டிய பழம்புடவையைத் தர வேண்டும். அது இல்லாமல் தைத்தால் பிள்ளையை அவர்கள் வீட்டோடு சேர்க்கவில்லை என்று ஆகிவிடும்.

அம்மா சம்மந்தியம்மாவுக்கு, அதாவது அக்காவின் மாமியாருக்கு, சொல்லி அனுப்பினாள். அக்கா புருஷன் ஒரு நாள் காலையில் பஸ்ஸில் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கேப்பை அடையும் மல்லாட்டைத் துவையலும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் சந்து திரும்பிய பிறகு அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள்.

புத்தம்புதுப் புடவை. கிளிப்பச்சை. அரக்குக் கரை. மடிப்புக்கூடக் கலையவில்லை. கஞ்சி போட்ட விறைப்பில் தரையில் வைத்தால் அட்டை மாதிரி நின்றது. கடை வாசனை வீடெல்லாம் அடித்தது. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் முதல் அடி எனக்கு விழுந்தது.

"மோந்து பாக்கறான் பாரு! பழசு கேட்டா புதுசு அனுப்பறா. யாருகிட்ட காட்றா பவுச?"

அப்பா பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "நல்ல பொடவையாத்தான இருக்குது. தைச்சுட்டுப் போ."

"நீ மூட்டைய மட்டும் பாருய்யா. புதுசு தண்ணி பட்டா சுருங்கும், பழசு சுருங்காது. ரெண்டையும் சேத்துத் தைச்சா மொத தோய்ப்புலியே வடாம் மாதிரி நெளிஞ்சுக்கும். சாயம் வேற. பச்சப்புள்ளைய கிளியாக்கச் சொல்றியா?"

"அப்ப திருப்பிக் குடுத்துடு."

"திருப்பிக் குடுத்தா பின்னாலயே பொண்ணும் திரும்பி வந்து குந்திக்கும். அப்பளம் மறந்து போச்சா?"

அப்பளம் யாருக்கும் மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் இலைக்கு அப்பளம் வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்காக அந்த ஆடிக்கு அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு அப்பளத்துக்கு ஒரு ஆடி என்றால், ஒரு புடவையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளையோடு அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட வேண்டியதுதான். திருப்பவும் முடியாது, தைக்கவும் முடியாது, விடவும் முடியாது.

"மொதல்லருந்தே அவளுக்கு நம்மள கண்டா எளக்காரம்" என்றாள் அம்மா. "கல்யாணத்துக்கு ஒரு ஊதாப் பொடவை கட்டிக்கினு வந்தா. சீமந்தத்துக்கும் அதே ஊதா. கூரை வீட்டுக்கு இது போதும்னு நெனப்பு."

அவர்களுடையது ஓட்டு வீடு. அம்மாவுக்கு அது எப்போதும் நெஞ்சில் ஒரு கல்.

அக்கா மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "விட்டுடும்மா. இருக்கறத வெச்சு தைச்சுடு. அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உனுக்குத் தெரியாது. நீ மல்லாட்டைய உரி."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு அதில் ஒரு மல்லாட்டையைப் போட்டு மூடிக்கொண்டாள். அன்று எனக்கு அது மல்லாட்டை தின்கிற வாய். இன்றைக்குத்தான் வேறு மாதிரி தெரிகிறது.

அம்மா முடிவு பண்ணிவிட்டாள். பழசு இல்லை என்றால் பழசாக்க வேண்டியதுதான்.

அவளே தினம் அதைக் கட்டிக்கொண்டாள். விறைப்புப் புடவை நடக்க நடக்கச் சரக் சரக் என்று சத்தம் போடும். கட்டிக்கொண்டே தண்ணீர் எடுத்தாள், வறட்டி தட்டினாள், அம்மி அரைத்தாள். பிறகு அவிழ்த்துச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லில் அடித்தாள். சம்மந்தியம்மாவை நினைத்துக்கொண்டு அடித்திருப்பாள் போல, அப்படி ஒரு அடி. மார்கழி வெயிலில் எங்கே காயும்? காலையில் பனி, மதியம் மூட்டம். காயாத ஈரத்தோடு வீட்டுக்குள் கொடியில் போட்டதில் அது சொட்டி, கீழே இருந்த அப்பாவின் வேட்டி பாதி பச்சையாகிவிட்டது. இருந்ததில் நல்ல வேட்டி அதுதான். கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனவரைப் பார்த்து, "மாமா, எந்தக் கட்சில சேந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "ஒரு ஆளு கட்டுனா எப்ப பழசாவறது?" என்று வீட்டில் எல்லாருக்கும் வேலை கொடுத்தாள். காய்ந்த நேரத்தில் என் படுக்கையில் விரித்து, "நல்லா உருளு" என்றாள். இவ்வளவு நாள் அசையாதே என்று அடித்தவள்! நான் உருளாமல் தூங்கிவிட்டால் காலையில் திட்டு. அப்பாவிடம் கொடுத்து மண்டியில் இருந்து தவிட்டை அதில் மூட்டை கட்டிவரச் சொன்னாள். அவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். ஏற்கெனவே வேட்டி பச்சை, இனிமேல் பச்சைப் புடவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் பார்த்தது எங்கள் அம்மா தினம் ஒரே புதுப்புடவையில் வறட்டி தட்டுவதை.

"இன்னாக்கா, தெனம் தீவாளியா? சம்மந்தி வீட்ல நல்லா செய்யறாங்க போல."

"தீவாளியா? எனுக்கு இது தெவசம்டி."

இவ்வளவு பேர் பாடுபட்டும் அது சீக்கிரம் பழசாகவில்லை. ஏனோ தெரியவில்லை, வேண்டாத பொருளுக்கு ஆயுசு கெட்டி. மெல்ல மெல்ல விறைப்புப் போனது. பச்சை கொஞ்சம் இறங்கி வாழைக்குருத்து நிறத்துக்கு வந்தது. ஆனால் தூக்கிப் பிடித்தால் நெய்த மாதிரியே இருந்தது. அடிமடிகளை எல்லாம் அம்மா தைத்து முடித்துவிட்டாள். மேல்மடி இல்லாமல் அது மூலையில் சுருட்டிக் கிடந்தது. அதற்குள் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கிழிந்த புடவையில்தான் போட்டோம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் போர்வை எங்கே, போர்வை எங்கே என்று கேட்டார்கள். போர்வை தைக்கிறவள் வீட்டில் போர்வை இல்லை என்றால் கேட்கத்தானே செய்வார்கள். அம்மா கடுகடுவென்று இருந்தாள். கையில் பூண்டுக் குழம்பு, இடுப்பில் பச்சைப் புடவை.

அப்போதுதான் சம்மந்தியம்மா வந்தார். வருகிறோம் என்று சொல்லி அனுப்பவில்லை. முன்னால் அக்கா புருஷன், கையில் வாழைத்தார். பின்னால் அவர். அதே ஊதாப் புடவை. பனிக்கு முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தார். உள்ளே வந்து முந்தானையை எடுத்தபோது அவர் உச்சந்தலையில் முடி வட்டமாகத் தேய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. நாங்கள் உயரத்தில் வைத்துப் பேசிய பொம்பளைக்கு வழுக்கை என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

அம்மா துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். பச்சையில் அங்கங்கே கேப்பை மாவு, கரிக்கறை, சாம்பல்.

சம்மந்தியம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்தார்.

"இது நான் புள்ளைக்கு குடுத்தனுப்புனது இல்ல?"

"ஆமா."

"நீங்க கட்டிக்கினு இருக்கீங்க."

"கட்டிக்கினுதான் இருக்கறன்."

அம்மாவுக்கு விளக்கம் சொல்ல வராது. சொல்ல ஆரம்பித்தால் சண்டையாகத்தான் வரும். சம்மந்தியம்மா அப்படியே திரும்பி, "வாடா போவலாம்" என்றார் மகனிடம். அக்கா புருஷன் வாழைத்தாரைக் கீழே வைப்பதா தூக்குவதா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா, "சம்மந்தி, சம்மந்தி" என்று பச்சை வேட்டியோடு வாசலை மறித்தார். அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டு, "யம்மா, சொல்லும்மா, சும்மா நிக்காத!" என்று அழுதாள். அவள் எந்த வீட்டில் இருக்கப்போகிறாள் என்பது அந்த வாசற்படியில் நின்றது. எனக்கே தெரிந்தது.

அம்மா துடுப்பைக் களியில் குத்தி நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"எங்க போறீங்க? ஆசைப்பட்டு கட்டுனன்னு நெனச்சீங்களா? பழசாக்கறதுக்குக் கட்டுனன்! கல்லுல அடிச்சன், சாம்பல்ல ஊறவெச்சன், தோ நிக்கறானே, இவன உருளவிட்டன். ஒரு பழம்பொடவை கேட்டன். ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுப் புள்ள மேல உங்க பழசு பட்டா கொறஞ்சா பூடுவீங்க? எதுக்கு இந்த வீறாப்பு?"

சம்மந்தியம்மா வாசலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"பழசுன்னு தனியா ஒண்ணு இருக்கணும்னா, நடுவுல புதுசுன்னு ஒண்ணு எடுத்திருக்கணும் சம்மந்தி. வேலைக்குக் கட்றது ஒண்ணு, அது கல்லுக்கூடை தூக்க தலையில சும்மாடு கட்டியே நாராப் பூடுச்சி. தோ, மேல இருக்கறது ஒண்ணு, இப்ப வேலைக்கும் இதுதான். எத குடுக்கறது?"

களி அடிபிடிக்கிற வாசனை வந்தது. ஓட்டு வீட்டுக்குள் எத்தனை புடவை இருக்கிறது என்று எங்களில் யார் போய்ப் பார்த்தோம்? அந்தத் தேய்ந்த உச்சந்தலையை நான் அப்போது மறுபடி பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அம்மா உருகிவிட்டாள், கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அம்மாவுக்கு வந்தது எரிச்சல்தான்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு உனுக்கு இன்னா கேடு?" முதல் தடவையாகச் சம்மந்தியை 'நீ' என்றாள். "புதுச நீ கட்டிக்கினு, கட்டியிருக்கறத அவுத்துக் குடுத்திருந்தா முடிஞ்சு போச்சு! அதுக்கா இந்தப் பேஜாரு? எங்க வூட்டுக்காரரு ஊரெல்லாம் கிளி மாதிரி திரிஞ்சாரு!"

சொல்லிக்கொண்டே சம்மந்தியம்மாவின் கையைப் பிடித்துத் தட்டி மறைப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே இருவர் குரலும் கேட்டது.

"அய்ய, விடு சம்மந்தி. புதுசெல்லாம் எனுக்கு கூச்சமா இருக்கும்."

"இதுவா புதுசு? தொட்டுப் பாரு. தவிடு கட்டறது மட்டும்தான் பாக்கி."

தொட்டுப் பார்த்திருப்பார் போல. "மெத்துனுதான் இருக்குது."

வெளியே வந்தபோது சம்மந்தியம்மா வாழைக்குருத்துப் பச்சையில் இருந்தார். கேப்பை மாவுக்கறையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அம்மா தன்னுடைய பழையதில் இருந்தாள். கையில் ஊதாப் புடவை. அதை அப்போதே வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உட்கார்கிற இடம் நைந்தே போகவில்லை. குதிகால் கரையும் முந்தானையும்தான் போயிருந்தன. "ஒக்காந்ததே இல்லியா நீ?" என்றாள். சம்மந்தியம்மா போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

அடிபிடித்த களியை எல்லாரும் சாப்பிட்டோம். மேல்மடி மறுநாளே ஏறியது. பிள்ளை முதல் வேலையாக அதை நனைத்தது. அந்தப் போர்வை இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். அக்கா மகளைக் கேட்டால், "எந்தப் போர்வை மாமா?" என்கிறாள். வண்டி துடைத்தே தீர்த்திருப்பார்கள்.

உனக்குத் தெரியும்தானே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அக்காவை வெகுநாள் கழித்துக் கேட்டேன். "தெரியும்" என்றாள். "நம்ம அம்மா வாயில மாமியார் மானத்தக் குடுக்கச் சொல்றியா?" நியாயம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காது குத்து, என் கல்யாணம், எதுவானாலும் சம்மந்தியம்மா திண்டிவனத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"இன்னிக்கும் அதே பச்சதானா? வேற கெடைக்கலியா உனுக்கு?"

"நீ ஒரு மாசம் அடிச்ச அடிக்கே கிழியல. நான் கட்டியா கிழியப் போவுது? தள்ளு, களி அடிபிடிக்குது பாரு."